கூரைக்கு மேலே ஒரு வளைவு

ராத்திரி ஒன்றரை மணி.
என் கட்டிலுக்கு நேர் மேலே
கர்வினென் பிரேக் போடுகிறார்.
தொம்.
கிளட்ச் அதைவிட மெலிசு,
எலி குதித்த மாதிரி.
மூன்று வாரமாய்க் கேட்டுக் கேட்டு
அந்தச் சாலை எனக்கு மனப்பாடம்:
நீள நேர்வழி, தொம்,
இடப்பக்கம், தொம்தொம்,
ஒரு மேடு. மேட்டில் சத்தமே இருக்காது,
வண்டி அந்தரத்தில்.
பிறகு மரம்.
மரத்தில் மோதும்போது மட்டும்
என் விளக்கின் கண்ணாடி மூடி நடுங்கும்.

நான் தாம்பெரேயில் டிராம் ஓட்டுகிறவள்.
காலை நாலே முக்காலுக்கு
ஹெர்வன்தாவிலிருந்து முதல் வண்டி என்னுடையது.
எங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது.
போகிற வழியைத் தரையிலேயே எழுதிவிட்டார்கள்.
வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்,
மணி அடிக்கலாம்.

சண்டை போடத்தான் படியேறினேன்,
இரவு உடைமேல் கம்பளிக் கோட்டோடு.
கதவைத் திறந்தவர் தலையில் ஹெல்மெட்.
உள்ளே வெளியைவிடக் குளிர்;
ஜன்னல் இரண்டும் ஆவென்று கிடந்தன.
"ஆட்டத்தில் பனி பெய்கிறது" என்றார்
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
"அறை வெதுவெதுப்பாக இருந்தால்
நம்ப முடியவில்லை."

உடைத்துப்போட்ட பழைய சாப் காரின் இருக்கை,
அதில் யாரோ சிந்திய காப்பிக் கறை.
வேகம் ஏற ஏற முகத்தில் அடிக்கும் மின்விசிறி.
ஒரு தகர டப்பாவில் பெட்ரோல் நனைத்த துணி.
"வாசனையைத்தான் இன்னும் எவனும் செய்யவில்லை."
சொல்லிவிட்டு மூடியைத் திறந்து
ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"மேட்டுக்கு அப்புறம் தாமதமாக மிதிக்கிறீர்கள்" என்றேன்,
"அரை மூச்சு தாமதம்."
தன் நாட்குறிப்பை நான் படித்துவிட்டதுபோல்
பார்த்தார்.
எழுந்து இருக்கையைத் தந்தார்.

பனிக்கு அடியிலிருந்த சரளை
ஸ்டியரிங் வழியே விரலுக்கு வந்தது.
மேட்டில் வயிறு மேலே எழும்பி
ஒரு கணம் நின்று இறங்கியது.
அறை அசையவில்லை, தெரியும்.
வயிற்றுக்கு யார் சொல்வது?
அரை மூச்சு முன்னதாக மிதித்தேன்.
மரம் பக்கவாட்டில் போனது.
பின்னால் கர்வினென் கை தட்டினார், கையுறையோடு.

அதற்கப்பால் ஒரு வளைவு.
என் கட்டிலுக்கு இதுவரை வந்து சேராத வளைவு.
சாலையோரம், சாலைக்குள் ஓர் அடி வைத்து,
மனிதர்கள்.
நின்றுவிட்டேன்.

வலது கட்டைவிரல் மணியைத் தேடியது.
மணி இல்லை.

"போங்கள், அவர்கள் வரமாட்டார்கள்!
வெறும் படம். மோதவே முடியாது.
பாருங்கள், எல்லோருக்கும் ஒரே கை."
உண்மைதான். ஒரே கை, ஒரே அசைவு,
ஒரே நீலச் சட்டைக் கை.
காற்றுக்குப் பெயர் வைத்த மாதிரி
பனித்துகள் ஒவ்வொன்றையும் செதுக்கியவர்கள்
இவர்களை மட்டும்
அவசரத்தில் செய்திருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு பையன்.
மஞ்சள் தொப்பி, காதில் பாட்டு.
அத்தனை டன் இரும்பையும்
ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன்.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
இதை கர்வினெனிடம் சொன்னேனா
சொல்லவில்லையா, நினைவில்லை.
விசிறி அடங்கியிருந்தது.
ஜன்னல் ஒன்றை அவர் சாத்தியது
நினைவிருக்கிறது.

காலையில் நிறுத்தத்தில்
ஒருவர் கை தூக்கினார்.
சட்டைக் கையின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான்
கதவைத் திறந்தேன். பழுப்பு.
நன்றி என்றார். குளிர் என்றார்.
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
இப்படி ஒன்றை யார் செய்து முடிக்க?

அன்றிரவு ஒன்றரை.
தொம். இடப்பக்கம். தொம்தொம்.
மேடு.
மரம் வரவில்லை.
காத்திருந்தேன்.
பிறகு, அந்த இடத்தில்
ஒருநாளும் கேட்டிராத
சின்னதாய் ஒரு
தொம்.

எத்தனை நொடி இழந்திருப்பார் என்று
கணக்குப் போட்டபடியே
தூங்கிப்போனேன்.